செம்பிக்கு இன்னொரு ஈத்து வேண்டுமா?

நாயை ஈன வைத்துக் குட்டி கொடுக்கிற தொழிலில் நாய் மட்டும்தான் நம்மைக் கேள்வி கேட்காது. மற்ற எல்லோரும் கேட்பார்கள்.

வீட்டில் ஒரு பொட்டை நாயை வைத்துக்கொண்டு, அது பருவத்துக்கு வரும்போதெல்லாம் வாசலில் கூடும் தெருநாய்ப் பட்டாளத்தைக் கம்பெடுத்து விரட்டும் அன்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது. உத்தமபாளையத்துக்கு வெளியே, கோம்பை போகிற சாலையோரம் சின்னத் தென்னந்தோப்பு ஒன்றில் இருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்றி காயில் கட்டுவது என் பிழைப்பு. கோம்பை நாய் வளர்ப்பது பிழைப்பு இல்லை. பிறகு அது என்ன என்று கேட்டால் எனக்கே தெளிவில்லை. செவலை உடம்பு, கரி பூசிய மாதிரி முகம், காட்டுப்பன்றியைக் கண்டாலும் பின்வாங்காத குணம். பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய் என்பதால் ஒரு பாசம். அவ்வளவு சொல்ல முடியும்.

யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. படித்தும் பார்த்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். முதல் பருவத்தில் சேர்ப்பதில்லை, ரத்த உறவுக்குள் சேர்ப்பதில்லை, குட்டி கேட்டு வருகிறவரிடம் ‘எதற்கு வேண்டும்?’ என்று கேட்காமல் கொடுப்பதில்லை, பிறகு வேண்டாம் என்றால் எந்த வயதிலும் திருப்பி எடுத்துக்கொள்வேன். இப்படிச் சில விதிகள். இப்போது என்னிடம் இருப்பது செம்பி ஒருத்திதான். அவள் மகள் ஒன்றை வைத்திருந்தேன். என் மனைவியை மதுரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே கிடந்த நாட்களில் அது கழிச்சல் நோய் வந்து போய்விட்டது. பிறகு மனைவியும் போய்விட்டாள். செம்பிக்கு வயதாகிறது. இந்தப் பருவத்தில் சேர்த்தால் இன்னொரு ஈத்து. விட்டால் இந்த வம்சம் இவளோடு முடிந்தது. சேர்ப்பதா, விடுவதா? இதைத் தீர்மானிக்க முடியாமல் நான் தவித்த மாதங்களில் வந்தவர்களும் பேசியவர்களும் என்னை இன்னும் கொஞ்சம் குழப்பிவிட்டுப் போனார்கள்.

மாட்டாஸ்பத்திரியில்

முதலில் டாக்டரம்மா. எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவமனையை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். எனக்கு முன்னால் ஒரு வெள்ளாடும், எனக்குப் பின்னால் கூடைக்குள் ஒரு சேவலும் காத்திருந்தன. போன ஈத்தில் கடைசிக் குட்டி குறுக்கே மாட்டி, செம்பிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “இனி சேர்க்க வேண்டாம் சார். அடுத்த தடவை ரெண்டு உயிரும் தப்பும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. கர்ப்பப்பையை எடுத்துடறதுதான் நல்லது” என்றார்.

நான் வம்சத்தைப் பற்றிச் சொன்னேன். சுத்தமான கோம்பை குறைந்துவருவதைச் சொன்னேன். கலப்படம், விளம்பரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தார். “குட்டி யாருக்கு வேணும் சார்? உங்களுக்கா, இவளுக்கா?” என்று கேட்டார். “இனத்துக்கும்மா” என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு நிமிர்வு வந்தது. அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இனம் வரலையே சார். நீங்களும் இவளும்தானே வந்திருக்கீங்க.”

கடுவனுக்குப் பங்கு

செம்பிக்குத் தோதான கடுவன் நாய் கோம்பையில் சுருளியாண்டி வீட்டில் இருக்கிறது. பெயர் வீரன். சுருளி குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்றுகிறவர்; என்னைவிடக் கொஞ்சம் இளையவர், என்னை அண்ணே என்பார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: ஈன்ற குட்டிகளில் முதல் குட்டியைப் பொறுக்கும் உரிமை கடுவன்காரருக்கு. சுருளி பொறுக்குவது ஒரு சடங்கு. ஒவ்வொரு குட்டியையும் பிடரித் தோலைப் பிடித்து மெல்லத் தூக்குவார். கத்துகிற குட்டியைத் தாயிடம் விட்டுவிடுவார். கத்தாமல் அவர் முகத்தையே பார்க்கிற குட்டி அவருக்கு. ஒவ்வொரு ஈத்திலும் நான் மனதுக்குள் குறித்துவைத்த குட்டியே அவர் கையில் கத்தாமல் தொங்கும்.

டாக்டரம்மா சொன்னதைச் சுருளியிடம் சொன்னேன். “அவுக மாட்டுக்குப் படிச்சவுகண்ணே. ஆட்டுக்குச் சொல்றத நாய்க்குஞ் சொல்லுவாக” என்றார். தழும்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “ஒருவேளை செம்பி செத்துப்போனா என்னப்பா செய்றது?” என்றேன். சுருளி எழுந்து, தென்னையில் சாய்ந்து, வெகு நேரம் யோசித்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. நியாயமான முடிவு ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். “சரிண்ணே, உங்களுக்காக ஒண்ணு செய்றேன். இந்தத் தடவை நீங்களே முதல்ல பொறுக்குங்க, நான் ரெண்டாவதா எடுத்துக்கிறேன்.”

ஏழரைக்கு ஒரு குட்டி

என்னிடம் குட்டி இல்லாத காலத்திலும் சொல்லிவைக்க ஆட்கள் வருவார்கள். சின்னமனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் குச்சனூர் கோயிலிலிருந்து நேரே வந்திறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் எள்ளெண்ணெய் வாசம். அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். கருப்பு நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லியிருக்கிறார் ஜோசியர். தெருவில் கருப்பு நாய் நேரத்துக்கு வருவதில்லையாம், அதனால் சொந்தமாகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். “என் வீட்டில் பிறப்பதெல்லாம் செவலை, முகம் மட்டும்தான் கருப்பு” என்றேன். உடனே ஜோசியருக்கு போன் போட்டார். “சாமி, முகம் மட்டும் கருப்பு, பரவாயில்லையா? ஆமா சாமி, சாப்பிடறது முகத்தாலதான்” என்று பேசி அனுமதி வாங்கிவிட்டார்.

பிறகு நான் எல்லோரையும் கேட்கிற கேள்விகளை அவரிடமும் கேட்டேன். எங்கே படுக்கும்? மாடியில் தனி ஷெட். யார் சோறு வைப்பார்கள்? அவரே, தன் கையால், குளித்துவிட்டு. ஊருக்குப் போனால்? போக மாட்டார், பரிகாரம் விட்டுப்போகும். இப்படி ஒழுங்காகப் பதில் சொன்னவர் எனக்கு அபூர்வம். குட்டி தருவதாக வாக்குக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். எந்த வயதிலும் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற என் விதியையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்ப ரொம்பத் தோதாப் போச்சு. பெயர்ச்சி முடிஞ்ச மறுநாளே கொண்டுவந்து விட்டுர்றேன்.”

ஜோடி

மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். செல்போனைக் குச்சியில் மாட்டி என் தோப்பை ஒரு சுற்றுப் படம் பிடித்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார். “நம்ம இனத்தை நம்மதாங்கய்யா காப்பாத்தணும்” என்றார். டாக்டரம்மாவிடம் நான் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்டபோது அது ஏனோ அவ்வளவு நன்றாக இல்லை. அவருக்கு ஒரே ஈத்தில் ஒரு கடுவனும் ஒரு பொட்டையும் வேண்டுமாம், ஜோடியாக. வளர்த்து, சேர்த்து, இனத்தைப் பெருக்கப்போகிறாராம்.

“அண்ணன் தங்கச்சியாச்சே தம்பி” என்றேன். “நாய்க்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா” என்றார். “நாய்க்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டு, உறவுக்குள் சேர்த்தால் என்னென்ன கேடு வரும் என்று விளக்கினேன். காது கேளாமல் பிறக்கும், பல் மேலும் கீழும் சேராது, சின்ன நோயைக்கூடத் தாங்காது. உண்மையிலேயே கவனமாகக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். அவருக்கு வெளிச்சம் பிறந்துவிட்டது. “சரிங்கய்யா, ஒண்ணு உங்ககிட்ட எடுத்துக்கிறேன், இன்னொண்ணு உங்களுக்குப் போட்டியா இருக்கிறவங்ககிட்ட எடுத்துக்கிறேன். அவங்க நம்பர் குடுங்க.”

தொடாத முதலாளி

போன ஈத்தில் ஒரு குட்டியைக் கம்பத்து ராவுத்தர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். மேகமலையில் அவருக்கு ஏலத்தோட்டம். அன்றைக்கு வந்து நின்றபோதே உடைத்துச் சொல்லிவிட்டார்: “வீட்டுக்குள்ள ஏத்த மாட்டோம்ணே. தோட்டத்துல காவக்காரன் குடும்பத்தோட நிக்கும். நான் தொட மாட்டேன், அது எச்சி பட்டா தொழுகைக்குக் கழுவிச் சுத்தம் பண்ணணும்.” தொடாதவருக்கு நாய் எதற்கு என்று எனக்குத் தயக்கம். என் மனைவிதான் அப்போது, “பொய் சொல்லாத ஆளு, குடுங்க” என்றாள்.

காயில் வேலைக்காக அந்தப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போக நேர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். சின்னமனூரிலிருந்து ஏறும் அந்த ரோட்டில் என் இடுப்பு கழன்றது வேறு கதை. ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்தில், அட்டைப்பூச்சி ஏறாமல் உயரமாகக் கட்டிய தகரக் கொட்டில் ஒன்று இருந்தது; நாய் மினுமினுவென்று இருந்தது. ராவுத்தர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உள்ள இன்னொரு பாறையில் நாய் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு முழம் இடைவெளி. மழை பிந்தியது, விலை சரிந்தது, மருமகன் போக்கு சரியில்லாதது எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். இது போல இன்னொன்று வேண்டும், செம்பி ஈன்றால் மறக்காமல் சொல்லுங்கள் என்றார். என்ன பாய், தொட மாட்டேன் என்றீர்களே என்று கேட்டேன். “தொடத்தாண்ணே மாட்டேன்னேன். பேச மாட்டேன்னு சொன்னேனா?”

பொட்டை வேண்டாம்

இப்படிப்பட்டவர் கேட்டால் இன்னொரு ஈத்து எடுத்தால்தான் என்ன என்று தோன்றியது. சேர்த்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துகொண்டே மலையிறங்கினேன். மறுநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மொபெட்டில் வந்தார்கள். திராட்சைத் தோட்டம். கிளி விரட்ட, பன்றி விரட்ட, ஆள் விரட்ட ஒரு நாய். “கடுவன் மட்டும் குடுங்க. பொட்டை வேண்டாம்” என்றார் அவர். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். கடுவன் குட்டிகள் கண் திறக்கும் முன்பே பேசி முடிந்துவிடும், பொட்டைக் குட்டிகள் நின்றுபோகும். வேறு இடங்களில் அவை பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டியில் இருக்கும். செம்பி பொட்டையாக நான்கு போட்டால் அந்த நான்கையும் யார் வாங்குவார்கள் என்ற கணக்கை நான் அதுவரை போடவே இல்லை.

“ஏன் பொட்டை வேண்டாம்? காவலுக்குப் பொட்டைதானே கெட்டி?” என்று கேட்டேன். “வீட்டுல ஏற்கனவே மூணு பொட்டப்புள்ளைகண்ணே, இதுவுமா?” என்றார். மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அந்தம்மா ஸ்டாண்டைப் போட்டார். “நாலாவதா நானும் ஒருத்தி இருக்கேன்ல? என்னையும் இங்கனயே விட்டுட்டுப் போ. இவரு திருப்பி எடுத்துக்கிருவாராம்ல.”

அம்மா சொன்னது

செம்பிக்குப் பருவம் தொடங்கிவிட்டது. தேனியில் இருக்கும் என் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவளிடம் கேட்டால் தெளிவாகும் என்று நினைத்தேன். செம்பியைப் பாலாடையில் பால் ஊற்றி வளர்த்தது என் மனைவி. அவள் மனது மகளுக்குத்தான் தெரியும். “இவ குட்டி ஒண்ணு நம்ம வீட்டுலயே நிக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சுப்பா” என்றாள். எனக்கு நிம்மதியாயிற்று. சுருளிக்கு போன் செய்யலாம் என்று எழுந்தேன். “ஆனா வயித்தக் கிழிச்ச அன்னைக்கு, இனி இந்தச் சித்ரவத எதுக்கு இதுக்கு, போதும்டின்னும் அம்மாதான் சொல்லுச்சு” என்றாள். மறுபடி உட்கார்ந்தேன்.

“ரெண்டுல எதம்மா எடுத்துக்கிறது?” என்று கேட்டேன். மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்: “அம்மா சொன்னதுல எதைக் கேட்டிருக்கீக நீங்க, இதைக் கேக்குறதுக்கு?”

மாப்பிள்ளை வந்த காலை

வழக்கப்படி பொட்டையைத்தான் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரத்தம் வெளுத்து, சேர்க்கைக்குத் தயார் என்று செம்பி வாலை ஒதுக்கத் தொடங்கியும் நான் போகவில்லை. காலையில் குட்டியானை வந்து தோப்பில் நின்றது. பின்னால் வீரன், கழுத்தில் புதுப் பட்டை. “வழக்கத்த மாத்தி மாப்பிள்ளையே பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாருண்ணே, அவுத்து விடுங்க” என்றார் சுருளி. செம்பி என் காலுக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டு நின்றாள். சங்கிலி என் கையில். விட்டால் முடிந்தது.

அந்த நேரத்தில் என் வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது: “சுருளி, குட்டி உனக்கு எதுக்கு?” அவர் திகைத்துவிட்டார். “என்னையவா கேக்குறீக? புதுசாக் குட்டி கேட்டு வந்தவன் மாதிரி?” என்று கோபப்பட்டார். பிறகு, “பொய்யா சொல்றது? எங்கன போனாலும் இது சுருளி வீட்டு நாய்க் குட்டின்னு நாலு பேரு சொல்லணும். அதுக்குத்தான். உங்களுக்கு எதுக்காம்? அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார். இனத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “வீட்டுல சத்தமே இல்ல சுருளி. குட்டிக இருந்தா எதாவது ஒரு சத்தம் இருக்கும்” என்றேன். சொன்ன பிறகுதான் நானும் அதைக் கேட்டேன். என் வாசலில் வேறொருவர் வந்து இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால், தண்ணீர் கொடுத்து, ஆறுதலாக நாலு வார்த்தை பேசி, குட்டி இல்லை என்று அனுப்பியிருப்பேன்.

சுருளி என்னைப் பார்த்தார், செம்பியைப் பார்த்தார். வீரன் வண்டியில் நின்றபடி சங்கிலியை இழுத்தது. “இதுக்கா இந்தக் கெழவி வயித்த இன்னொரு தடவை கிழிக்கணும்?” என்று கத்தினார். தனக்கு வரவேண்டிய குட்டிக்குத் தானே உலை வைத்தது அடுத்த கணமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்: “ஒரு ரேடியோ வாங்கி வைங்கண்ணே!”

பனியன்

பருவம் முழுதாக அடங்கக் காத்திருந்து ஆபரேஷன் செய்தோம். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். செய்தது சரி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று நின்றிருந்தேன். “உள்ளே எப்படியிருந்ததும்மா? ஆபத்தாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?” என்று கேட்டேன். நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்: “போன தடவை தையல் போட்ட இடம் நல்லாத்தான் ஆறியிருக்கு சார். இன்னொரு ஈத்து தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும். தாங்காமலும் போயிருக்கும். சொல்ல முடியாது.”

தையலை நக்காமல் இருக்க என் கை வைத்த பனியன் ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டேன். முன்கால்களைக் கைக்குள் விட்டு, முதுகில் முடிச்சுப் போட்டால் அளவு சரியாகவே இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சுருளி, தையல் பிரிக்கும் முன்பே வந்துவிட்டார். கையில் ஆட்டு எலும்பு. வந்த காரணத்தைக் கேட்கவில்லை, நான் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தேன். தோப்பின் நடுவில் பனியன் போட்ட செம்பியும் பனியன் போட்ட நானும் ஒன்றாக நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. “நம்ம வம்சத்த முடிச்சிட்டு ரெண்டு பேரும் ஒரே கம்பெனி பனியன்ல காத்து வாங்குறீகளாக்கும்!”

இப்போதும் குட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள்; எதற்கு வேண்டும் என்று ஊரையெல்லாம் மடக்கிய நான், எதற்கு நிறுத்தினீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.